பிள்ளைகளின் கைகளுக்கு என்ன கொடுப்போம்?

(ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டத்தில் பள்ளிவாசல் இமாம் அவர்கள் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வரவு செலவுக் கணக்கு வாசித்து முடிக்கப்பட்டு, பகல் உணவுக்கு முன்பாகக் கிடைத்திருக்கும் இந்நேரத்தில் பேசுவதற்காக நிர்வாகத்தினர் எனக்கு அளித்த தலைப்பு, "செல்போனிலிருந்து நம் பிள்ளைகளை மீட்பது எப்படி?" என்பதாகும். தலைப்பு நல்ல தலைப்புதான். ஆயினும் அதனைச் சற்றே மாற்றிக் கொள்ள உங்கள் அனுமதியை வேண்டுகிறேன். ஒரு பிள்ளையின் கையிலிருந்து செல்போனைப் பிடுங்குவது ஒரு நொடி வேலை. அதற்கு வழிமுறை எதுவும் தேவையில்லை. பிடுங்கிய பிறகு அந்தக் கை வெறுமையாக நிற்கிறதே, அதில் எதை வைப்பது? இதற்கு விடை தெரியாத வீட்டில், பிடுங்கிய செல்போன் மறுநாளே பிள்ளையின் கைக்குத் திரும்பி விடுகிறது.

இந்த உரை பெரும்பாலும் ஆண்களை நோக்கியது என்பதை முதலிலேயே சொல்லி விடுகிறேன். இத்தகைய கூட்டங்களில் எழுந்து பேசுகிற நாம் யாவரும், "உம்மாமார்கள் செல்போனைக் கொடுத்துப் பிள்ளைகளைக் கெடுத்து விட்டார்கள்" என்று சொல்லி அமர்ந்து விடுவது வழக்கமாகி விட்டது. அது நியாயமன்று. நம் முஹல்லாவில் எத்தனையோ வீடுகளில் குடும்பத் தலைவர் வளைகுடா நாடுகளில் இருக்கிறார். இங்கே ஒரு பெண்மணி தனியாளாகப் பள்ளிக்கூடம், ரேஷன் கடை, மாமனார் மாமியாரின் மருந்து, சமையல் என்று அனைத்தையும் சுமக்கிறார். அடுப்பில் கொதிக்கும் எண்ணெய் இருக்க, இரண்டு வயதுப் பிள்ளை காலைக் கட்டிக் கொண்டு நின்றால், அந்த இருபது நிமிடங்களுக்கு அவருக்கு உதவ அந்த வீட்டில் செல்போனைத் தவிர வேறு ஆளில்லை. இதனை அலட்சியம் என்று சொல்பவர், அந்த அடுப்படியில் ஒரு நாள் நின்று பார்க்க வேண்டும்.

இந்நிலை எவ்வாறு வந்தது என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தொலைக்காட்சிப் பெட்டி நம் வீடுகளுக்குப் புதியதன்று. 2006-ஆம் ஆண்டில் தமிழக அரசு வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டிகளை இலவசமாக வழங்கத் தொடங்கியது. 2007-இல் குழந்தைகளுக்கென்றே தமிழில் ஒரு தனி அலைவரிசையும் வந்தது. அப்போதும் நாம் கவலைப்பட்டோம். ஆனால் அந்தப் பெட்டி கூடத்தில் ஓரிடத்தில் இருந்தது. பிள்ளை எதைப் பார்க்கிறது என்பது வீட்டிலுள்ள அனைவருக்கும் தெரிந்தது. நிகழ்ச்சி முடிந்தது, பிள்ளையும் எழுந்தது. 2020 மார்ச் மாதம் கொரோனா நோயின் காரணமாகப் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு 2021 நவம்பர் முதல் தேதியன்றுதான் அவை மீண்டும் திறக்கப்பட்டன. அந்த இடைக்காலத்தில் பாடம் செல்போன் வழியே வந்தது. கடன் வாங்கியாவது ஒரு செல்போனை வாங்கி, "இதில் படி" என்று நாமே பிள்ளையின் கையில் கொடுத்தோம். வேறு வழியும் அன்று இல்லை. பள்ளிக்கூடம் திறந்தது. செல்போன் மட்டும் திரும்பி வரவில்லை.

தொலைக்காட்சிக்கும் செல்போனுக்கும் உள்ள பெரிய வேறுபாடு முடிவு என்ற ஒன்றாகும். பாட்டி சொல்லும் கதைக்கு முடிவு உண்டு. கோலி விளையாட்டுக்கு முடிவு உண்டு. செல்போனில் ஒரு காட்சி முடியும் முன்பே அடுத்தது வரிசையில் காத்திருக்கிறது. கையைக் கூட அசைக்க வேண்டியதில்லை, தானாகவே ஓடத் தொடங்கி விடும். எந்தக் காட்சியில் பிள்ளையின் கண் நிலைத்து நின்றது என்பதனைக் கணக்கிட்டு, அதனைப் போன்ற மற்றொன்றை எடுத்து நீட்டும் விதமாகவே அது அமைக்கப்பட்டுள்ளது. பெரியவர்களாகிய நம்மாலேயே எழுந்து வர முடியவில்லை. ஐந்து வயதுப் பிள்ளை தானாக எழுந்து வரவில்லை என்று அதனை அடிப்பது என்ன நீதி?

2019-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம், ஒரு வயது நிறையாத குழந்தைகளுக்குத் திரை அறவே கூடாது என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாளொன்றுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, அதனினும் குறைவாக இருப்பதே நன்று என்றும் வழிகாட்டியது. மழலை பேசும் வயதுப் பிள்ளைக்குச் சொல் வருவது, தான் ஒன்று சொல்ல எதிரிலிருப்பவர் அதற்கு மறுமொழி சொல்வதனால்தான். செல்போன் ஓயாமல் பேசும்; பிள்ளை பேசினால் கேட்காது.

சிலர் பிள்ளைக்குச் சோறூட்டுவதற்கே செல்போனைத் திறந்து வைக்கிறார்கள். தட்டு காலியாகி விடுகிறது என்பது உண்மை. ஆனால் வயிறு நிறைந்ததா இல்லையா என்பது பிள்ளைக்கே தெரியாமல் போய் விடுகிறது. ஒன்றை மட்டும் உடனே நிறுத்துங்கள் என்று கேட்டால், சாப்பாட்டு நேரத்துச் செல்போனையே நான் முதலில் குறிப்பிடுவேன்.

பெருமானார் (ஸல்) அவர்களின் காலத்து மதீனாவின் வீடுகளிலும் பிள்ளைகள் அழுதார்கள். ஆஷூரா நாளில் பிள்ளைகளையும் நோன்பு நோற்கப் பழக்கிய செய்தியை ருபய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் அது பதிவாகியுள்ளது. அத்தாய்மார்கள் கம்பளியால் விளையாட்டுப் பொம்மைகளைச் செய்து வைத்துக் கொள்வார்கள். பசியால் பிள்ளை அழும்போது அதனை எடுத்துக் கொடுத்து, நோன்பு திறக்கும் நேரம் வரை பராக்குக் காட்டுவார்கள். மதரஸாவில் ஓதும் காலத்தில் இந்த ஹதீஸை நோன்பின் சட்டத்திற்காகவே நாங்கள் படித்தோம். இன்று வேறொன்றும் அதில் கண்ணில் படுகிறது. பிள்ளை அழும் என்பது அத்தாய்மார்களுக்கு முன்கூட்டியே தெரிந்திருந்தது. அழுத பிறகு தேடி ஓடவில்லை. முன்னதாகவே செய்து வைத்திருந்தார்கள். கடையில் வாங்கவுமில்லை, வீட்டிலிருந்த கம்பளியே போதுமானதாக இருந்தது.

இனி, செல்போனைப் பிடுங்கிய இடத்தில் டியூஷனைக் கொண்டு வந்து வைக்கும் தகப்பன்மார்களுக்கும் ஒரு வார்த்தை. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யாவில் பிள்ளை வளர்ப்பைப் பற்றி எழுதும்போது, ஓதி முடித்து வரும் பிள்ளையை நல்ல விளையாட்டில் ஈடுபட விட வேண்டும் என்றும், விளையாட்டைத் தடுத்து ஓயாமல் படிப்பிலேயே நெருக்கினால் பிள்ளையின் உள்ளம் செத்து அறிவு மழுங்கும் என்றும் கருத்துரைத்துள்ளார்கள். அவர்கள் மறைந்தது கி.பி. 1111-இல். தொள்ளாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய அறிவுரை நம் தெருவுக்காகவே எழுதப்பட்டது போலத் தோன்றுகிறது.

சரி, கையில் எதைக் கொடுப்பது? பலர் உடனே பொம்மைக் கடைக்குப் போகிறார்கள். நான் அடுப்படியைத்தான் முதலில் சொல்வேன். பிள்ளைக்கு விளையாட்டை விடப் பெரிய ஆசை, பெரியவர்கள் செய்யும் வேலையில் தனக்கும் ஒரு பங்கு வேண்டும் என்பதாகும். நாமோ "நீ தூரப் போ, வேலையைக் கெடுக்காதே" என்று விரட்டி விட்டு, பிறகு அது செல்போனோடு மூலையில் உட்கார்ந்திருக்கிறது என்று வருந்துகிறோம். முருங்கைக்கீரையைக் காம்பிலிருந்து உருவுவது நான்கு வயதுப் பிள்ளைக்கு ஏற்ற வேலை. பட்டாணி உரிக்கலாம். ஊறவைத்த மொச்சையைப் பிதுக்கலாம். மொச்சை பிதுக்கும்போது பருப்பு துள்ளிக் கொண்டு போய் எங்கோ விழும், பிள்ளைகள் சிரிப்பார்கள், பாதிப் பருப்பைத் தரையில்தான் பொறுக்க வேண்டியிருக்கும். பொறுக்குவதும் ஒரு வேலைதானே! ஆறேழு வயதானால் பூண்டு உரிக்கலாம், இடியாப்ப மாவை உருட்டித் தரலாம். வேலை இருமடங்கு நேரம் எடுக்கும் என்பதனை மறைக்க மாட்டேன். எல்லா நாளும் இது முடியாது. விடுமுறை நாளில் முடியும். ஆண்களும் கீரை உருவலாம். அதனால் கண்ணியம் எதுவும் குறைந்து விடாது. பெருமானார் (ஸல்) அவர்கள் வீட்டில் இருக்கும்போது வீட்டாரின் வேலைகளில் ஈடுபட்டிருப்பார்கள் என்பதனை ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள்.

ஒன்று முதல் மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளுக்கு நான்கு எவர்சில்வர் டம்ளர்களும் மூடியுள்ள சில டப்பாக்களுமே போதும். திறப்பதும் மூடுவதும், ஒன்றினுள் ஒன்றை வைப்பதுமாக அரை மணி நேரம் ஓடும். ஒரு தாம்பாளத்தில் சிறிது நீர் ஊற்றி இரண்டு கிண்ணங்களைக் கொடுத்தால் இன்னும் மகிழும். தண்ணீர் வைத்த இடத்தில் மட்டும் ஒரு பெரியவர் அருகிலேயே அமர்ந்திருக்க வேண்டும். புளியங்கொட்டை, கோலி, பொத்தான் போன்றவற்றை இந்த வயதில் கொடுக்கவே கூடாது. வாயில் போட்டுத் தொண்டையில் அடைத்துக் கொள்ளும், மூக்கினுள்ளும் திணித்துக் கொள்ளும்.

அதற்கு மேற்பட்ட வயதினருக்குப் புளியங்கொட்டையே பெரிய செல்வம். நம் பாட்டிமார்களின் பல்லாங்குழிப் பலகைகள் எத்தனை வீடுகளில் பரண் மேல் கிடக்கின்றன! ஒரு பக்கம் ஏழு, மறுபக்கம் ஏழு, ஆகப் பதினான்கு குழிகள். குழிக்கு ஐந்து கொட்டை என்றால் எழுபது கொட்டைகள். ஒரு குழியிலுள்ளதை அள்ளி அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாய்ப் போட்டுக் கொண்டே போக வேண்டும். கை காலியானதும் அடுத்த குழியை அள்ள வேண்டும். அடுத்த குழி வெறுமையாக இருந்தால் அதற்கு அப்பாலுள்ளது நமக்கு. இதனை நன்றாக ஆடும் பிள்ளை, எந்தக் குழியில் தொடங்கினால் எங்கே போய் நிற்கும் என்று அள்ளுவதற்கு முன்பே மனத்தில் எண்ணிப் பார்க்கிறது. வாய்ப்பாட்டை உருப்போடுவதால் வராத கணக்கு இதில் வருகிறது. பலகை இல்லாதவர்கள் தரையில் சாக்பீஸால் வட்டம் போட்டுக் கொள்ளலாம்.

தாயம் ஆடலாமா என்று சென்ற வாரம் ஒரு தம்பி கேட்டார். பகடை உருட்டி ஆடும் ஆட்டங்களை மார்க்க அறிஞர்களில் பெரும்பாலோர் விலக்கியிருப்பதால் நான் அதனைச் சொல்வதில்லை. பகடை இல்லாமலே ஆடுவதற்கு எத்தனையோ உண்டு. ஆடு புலி ஆட்டத்தையே எடுத்துக் கொள்ளுங்கள். கோடுகள் சந்திக்கும் இடங்கள் 23. புலிகள் மூன்று, ஆடுகள் பதினைந்து. புலி ஆட்டைத் தாண்டிக் குதித்து வெட்டும். ஆடுகளால் வெட்ட முடியாது. நெருங்கி நின்று புலியை நகர விடாமல் அடைக்க மட்டுமே முடியும். பிள்ளைகள் முதலில் புலிதான் வேண்டும் என்பார்கள். நாலைந்து ஆட்டங்களுக்குப் பிறகு, ஆடுகளை வைத்து வெல்வதே சுவை என்பதனைத் தாங்களாகவே கண்டு கொள்வார்கள்.

பெண் பிள்ளைகளின் ஐந்தாங்கல், திண்ணையில் ஆடிய நொண்டி, பழைய சேலையைக் கட்டிலின் மேல் விரித்துக் கட்டும் கூடாரம், மழைக் காலத்துக் காகிதக் கப்பல் இவற்றையெல்லாம் நான் விளக்க வேண்டியதில்லை. உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். மருதாணியைப் பற்றி மட்டும் ஒன்று சொல்கிறேன். இரு கைகளிலும் மருதாணி அப்பிய பிள்ளையால் இரண்டு மணி நேரத்திற்குச் செல்போனைத் தொட முடியாது! பெருநாளைக்கு மட்டும் என்றில்லாமல் மாதம் ஒரு முறை அரைத்துப் போட்டு விட்டு, அந்த நேரத்தில் உம்மம்மாவை அருகில் உட்கார வைத்துக் கதை சொல்லச் சொல்லுங்கள். கதைக்கு நூல்கள் தேவையில்லை. நம் குடும்பங்களின் முன்னோர் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் கொழும்புக்கும் கப்பலேறிய கதைகள் இருக்கின்றன. அவற்றை நேரில் கேட்டறிந்தவர்கள் ஒவ்வொருவராக மறைந்து கொண்டிருக்கிறார்கள். 2012-இல் நாளொன்றுக்குப் பல மணி நேரம் மின்சாரம் நின்ற அந்த இரவுகளில், திண்ணையில் பாய் விரித்துப் பிள்ளைகள் கதை கேட்டார்கள். விளக்கொளியில் சுவரில் விரல்களால் மானும் நாயும் காட்டினார்கள். அந்த மின்வெட்டு மீண்டும் வர வேண்டும் என்று யாரும் துஆச் செய்ய மாட்டார்கள். மின்சாரம் இருக்கும்போதே விளக்கை அணைப்பதற்கும் தடையில்லை.

இவ்வளவு செய்தும் முதல் சில நாட்கள் கடினமாகவே இருக்கும் என்பதனை நீங்கள் அறிந்திருக்க வேண்டும். பிள்ளை அழும், கத்தும், "உம்மா, எனக்கு போர் அடிக்குது" என்று நூறு முறை சொல்லும். அந்தச் சலிப்புக்கு அஞ்சாதீர்கள். சலிப்படைந்த பிள்ளை சிறிது நேரம் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்து விட்டு, பிறகு ஒரு அட்டைப் பெட்டியை எடுத்துப் பேருந்தாக்கி விடும். அதற்குள் நாம் அவசரப்பட்டு எதையாவது நீட்டி விட்டால் அது தானாகக் கண்டுபிடிப்பதற்கு இடமில்லாமல் போகிறது. ஒவ்வொரு நிமிடமும் பிள்ளையை மகிழ்விப்பது பெற்றோரின் கடமை என்று யாரும் சொல்லவில்லை.

ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. வாப்பா நாற்காலியில் சாய்ந்து செல்போனைத் தடவிக் கொண்டே, "போய் விளையாடு" என்று சொன்னால் எந்தப் பிள்ளையும் போகாது. மஃரிபிலிருந்து இஷா வரையிலான ஒன்றேகால் மணி நேரத்திற்கு வீட்டிலுள்ள அனைவரின் செல்போன்களும் வாசல் மாடத்தில் ஒரு கூடையில் இருக்கட்டும். முதலில் போடப்படுவது வாப்பாவுடையதாக இருக்கட்டும். அழைப்பு வந்தால் ஒலிக்கும், எழுந்து போய்ப் பேசிக் கொள்ளலாம். கடை வைத்திருப்பவர்களுக்கு இந்த நேரம் ஒத்து வராது என்பதனை அறிவேன். அவர்கள் வேறொரு நேரத்தைத் தேர்ந்து கொள்ளட்டும். நேரம் எதுவாயினும் நாள்தோறும் அதே நேரமாக இருந்தால், பிள்ளை கேட்டு நச்சரிப்பது தானாகவே குறையும்.

இப்போது இந்த உரையின் மிகக் கடினமான இடத்திற்கு வருகிறேன். நம் வீடுகள் பலவற்றில் வாப்பா என்பவரே அந்தத் திரைக்குள்தான் இருக்கிறார். பிறந்து இரண்டு ஆண்டுகள் வரை வாப்பாவை நேரில் காணாத பிள்ளைகள் நம் முஹல்லாவில் உண்டு. அந்தப் பிள்ளையிடம் போய்ச் செல்போன் கூடாது என்று யார் சொல்வது? நான் சொல்ல மாட்டேன். அந்த முகத்தைக் காண்பது அப்பிள்ளையின் உரிமை. நான் வேண்டுவதெல்லாம், வாப்பாவின் அழைப்பும் பொம்மைப் படமும் பிள்ளையின் மனத்தில் ஒன்றாகி விடக் கூடாது என்பதே. அழைப்பு முடிந்ததும் செல்போனை அப்படியே பிள்ளையின் கையில் விட்டு விடுவதால்தான் அது நிகழ்கிறது. வாப்பா ஸலாம் சொன்னதும் செல்போன் மாடத்திற்குப் போய் விட வேண்டும்.

சவூதியில் நேரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் பின்தங்கியது. அங்கே வேலை முடித்துக் குளித்து இரவு எட்டு மணிக்கு அழைத்தால் இங்கே பத்தரை. பிள்ளை தூக்கக் கலக்கத்தில் இருக்கும். "வாப்பாவிடம் பேசு" என்று உலுக்கி எழுப்பினால் எதைப் பேசும்? அங்கே விடுமுறை நாளான வெள்ளிக்கிழமையில், இங்கே அஸர் தொழுகைக்குப் பிறகு என்று ஒரு நேரத்தை முடிவு செய்து கொள்ளுங்கள். பிள்ளை அந்த நேரத்தை எதிர்பார்த்துத் தான் வரைந்த படத்தை எடுத்து வைத்திருக்கும்.

பேசுவதற்கு ஒன்றுமில்லை, "சாப்பிட்டாயா, படித்தாயா" என்பதோடு முடிந்து விடுகிறது என்று ஊருக்கு வரும் சகோதரர்கள் என்னிடம் வருந்துவதுண்டு. ஒலிநாடாவில் குரலைப் பதிந்து, ஊருக்கு வருபவர் கையில் கொடுத்தனுப்பிய காலம் ஒன்று இருந்தது. ஒரு நாடா வந்தால் குடும்பமே சுற்றி அமர்ந்து திரும்பத் திரும்பக் கேட்டது. இன்றும் அதனைச் செய்யலாம். அறைக்குத் திரும்பியதும் ஐந்து நிமிடக் கதை ஒன்றைக் குரலில் மட்டும் பதிந்து அனுப்புங்கள். படம் வேண்டாம். மறுநாள் இரவு படுக்கையில் செல்போனைக் கவிழ்த்து வைத்து விட்டுப் பிள்ளை அதனைக் கேட்டுக் கொண்டே உறங்கட்டும்.

ஆடு புலி ஆட்டத்தையும் கடல் கடந்து ஆடலாம். ஒரே மாதிரி இரண்டு தாள்களில் கட்டத்தை வரைந்து, சந்திக்கும் இடங்களுக்கு 1 முதல் 23 வரை எண் இட வேண்டும். ஒரு தாள் இங்கே, ஒரு தாள் அங்கே. வாப்பாவுக்குப் புலி, பிள்ளைக்கு ஆடு. ஆளுக்கு நாளொன்றுக்கு ஒரே ஒரு நகர்வு. "ஒன்பதிலிருந்து பதினான்குக்கு" என்று உம்மாவின் செல்போனில் ஒரு வார்த்தை வந்தால் போதும். பிள்ளை பகல் முழுவதும் அந்தத் தாளின் முன் அமர்ந்து யோசிக்கும். ஓர் ஆட்டம் முடிய ஒன்றிரண்டு மாதங்கள் ஆகலாம். அத்தனை நாளும் வாப்பா அந்த வீட்டில் இருக்கிறார்.

கடைசியாக நிர்வாகத்தினரிடமும் உங்களிடமும் ஒரு வேண்டுகோள். மக்தப் அறையின் மரப்பெட்டி ஒன்றைக் காலி செய்து தர முத்தவல்லி அவர்கள் ஒப்புக் கொண்டுள்ளார்கள். உங்கள் பரணில் கிடக்கும் பல்லாங்குழிப் பலகைகள், சோழிகள், பம்பரங்கள், பிள்ளைகள் படித்து முடித்த கதைப் புத்தகங்கள் ஆகியவற்றைத் துடைத்துக் கொண்டு வந்து கொடுங்கள். உடைந்தவை வேண்டாம். சனிக்கிழமைதோறும் அஸர் தொழுகைக்குப் பின் மக்தப் உஸ்தாத் பெயரெழுதி ஒரு வாரத்திற்கு இரவல் கொடுப்பார். வாங்கிச் செல்ல வாப்பாமார்களே வர வேண்டும். வாப்பா வெளிநாட்டில் இருந்தால் மாமாவோ சாச்சாவோ வரலாம். ஆடு புலிக் கட்டம் எண்களோடு அச்சிட்ட தாள்கள் இப்போது வாசலில் வைக்கப்பட்டுள்ளன. உணவு முடித்துச் செல்லும்போது வீட்டுக்கு இரண்டாக எடுத்துச் செல்லுங்கள். வஸ்ஸலாம்.